உங்களுக்குத் தெரியுமா? கேட்டில் காகிதப்பூ, மேற்கில் புங்கை

புது வீடு கட்டி முடித்து, கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே மிஞ்சிய நாலு முழ மண்ணைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "கேட்டு மேல வளைச்சு விட்ட மாதிரி ஒரு காகிதப்பூ வைக்கலாம், தெருவே திரும்பிப் பார்க்கும்" என்று ஒரு கட்சி. "நிழலுக்கு ஒரு புங்கை வைங்க, வயசான காலத்துல உட்காரலாம்" என்று எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனாலும் விவரம் தேடித் தேடிப் படித்ததில், காகிதப்பூமேல் இருந்த இளக்காரம் எனக்குக் கொஞ்சம் குறைந்துபோனது உண்மை.

பூவென்று நினைப்பது பூவல்ல

காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கிறதே சிவப்பு, ஊதா, ஆரஞ்சு, அது எதுவும் பூ இல்லை. இலைதான் நிறம் மாறி நிற்கிறது. பூவடிச் செதில் என்பார்கள் தாவரவியலில். மூன்று செதில்கள் கூடி ஒரு கூடு கட்ட, அதற்குள் வெண்மையாக, குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக மூன்று குட்டிக் குழல்கள் இருக்கும். அவைதான் அசல் பூ. அடுத்த முறை பக்கத்தில் போனால் குனிந்து பாருங்கள். இலை என்பதால்தான் அது சீக்கிரம் வாடுவதில்லை, காய்ந்தாலும் சரசரவென்று காகிதம் போலவே கிடக்கிறது. நம் ஊரில் பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

மூக்கிரட்டைக்குச் சொந்தம்

வரப்போரத்தில் தரையோடு தரையாகப் படரும் மூக்கிரட்டைக் கீரை, சாயங்காலம் மலரும் அந்திமந்தாரை, கேட்டின்மேல் கொலுவிருக்கும் காகிதப்பூ மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஒருவர் சமையலறையில், ஒருவர் கொல்லையில், ஒருவர் மாடி பால்கனியில். குடும்பங்களில் இப்படி நடப்பதுதானே!

காகிதப்பூவின் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உறவு இன்னும் நீள்கிறது. செம்பருத்தி, கத்தரிக்காய், நாவல்பழம் என்று பெரும்பாலான செடிகளுக்கு நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற சாயம். காகிதப்பூவுக்கு அது கிடையாது. பீட்ரூட்டிலும் சிவப்புத் தண்டுக்கீரையிலும் இருக்கும் பெட்டாலெயின்தான் இதற்கும். இந்த இரண்டு சாயங்களும் ஒரே செடிக்குள் சேர்ந்து இருந்ததாக இயற்கையில் இதுவரை கண்டதில்லை.

ஆண் வேடத்தில் வந்த பெண்

காகிதப்பூவின் ஆங்கிலப் பெயரான போகன்வில்லா ஒரு பிரெஞ்சு மாலுமியின் பெயர். லூயி அந்துவான் தெ போகன்வில், 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்பயணத்தின் தலைவர். கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, உடன் வந்த தாவரவியலாளர் பிலிபெர் கொமர்சோன் இந்தக் கொடியைச் சேகரித்துத் தலைவர் பெயரையே அதற்குச் சூட்டினார்.

கதை இங்கே முடியவில்லை. கொமர்சோனுக்கு ஓர் உதவியாள் இருந்தார். பெட்டி தூக்குவது, மலையேறுவது, செடி பறித்து வந்து அழுத்திக் காயவைப்பது எல்லாம் அந்த 'இளைஞன்' பொறுப்பு. உண்மையில் அது ழான் பாரே என்ற பெண். அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது. மார்பை இறுகக் கட்டிக்கொண்டு ஆண் உடையில் ஏறிவிட்டார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று வரலாறு அவரைத்தான் சொல்கிறது. ரியோவில் கொமர்சோன் காலில் புண்ணோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதால், காகிதப்பூக் கொடியை முதலில் கையால் பறித்தது இந்தப் பெண்ணாகவே இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு.

கொடிக்குத் தலைவர் பெயர். பறித்தவருக்கு ஒன்றும் இல்லை. 200 வருடத்துக்கு மேல் கழித்து, 2012-ல், தென் அமெரிக்காவில் புதிதாக அடையாளம் கண்ட ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் கத்தரிக்காயின் பேரினத்தைச் சேர்ந்தது அது.

லத்தீனுக்குள் ஒரு தெற்கத்திச் சொல்

கொடிக்குப் பிரெஞ்சுப் பெயர் என்றால், மரத்துக்கு நம் பெயர். புங்கையின் பழைய அறிவியல் பெயரான 'பொங்கேமியா', தமிழிலும் மலையாளத்திலும் புங்கம், பொங்கம் என்று சொல்வதிலிருந்து போனது. இப்போது தாவரவியலாளர்களில் பலர் வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் எண்ணெய் விற்பவர் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர் வரை இன்னும் பொங்கேமியா என்றுதான் சொல்கிறார்கள். சொல் ஒட்டிக்கொண்டால் விடாது.

தரையில் பொரி

சங்கப் பாடல்களில் இதன் பெயர் புன்கு. வெண்மையும் இளஞ்சிவப்புமாக அதன் பூக்கள் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பார்த்த புலவர்களுக்குப் பொரி ஞாபகம் வந்திருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் காலை ஆறு மணிக்குப் புங்க மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள்; யாரோ பொரிப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனது போலத்தான் இருக்கும். ஒன்பது மணிக்குள் யாராவது பெருக்கித் தள்ளிவிடுவார்கள். சங்கப் புலவர்கள் சீக்கிரம் எழுந்தவர்கள் என்று தோன்றுகிறது.

ஊருக்கே பெயர் கொடுத்த மரம்: வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்புன்கூரின் தலமரம் புங்கை. நந்தனார் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தி விலகிக்கொண்டதாகச் சொல்லும் அதே கோயில்தான்.

ஏறத் தெரியாத கொடி

கொடி என்றால் எல்லாம் ஒரே மாதிரி ஏறும் என்று நினைக்கிறோம். இல்லை. சங்குப்பூவும் முல்லையும் தண்டையே சுற்றிச் சுற்றி ஏறும். பாகலும் பிரண்டையும் பற்றுக்கம்பி நீட்டிப் பிடிக்கும். மிளகும் மணிபிளான்ட்டும் கணுவிலிருந்து வேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் உடல்நலமில்லாமல் அறைக்குள் முடங்கியிருந்த நாட்களில், ஜன்னலோரம் ஒரு கொடியை வைத்துக்கொண்டு அதன் நுனி ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று மணி பார்த்துக் குறித்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறும் தாவரங்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1865-ல் வந்தது.

காகிதப்பூவுக்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. சுற்றாது, பிடிக்காது, ஒட்டாது. நீளமாகக் கிளைவிட்டு அடுத்த செடிமேல் சாய்ந்து, வளைந்த முள்ளால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் நீங்கள் கயிறு எடுத்துக் கட்டவில்லை என்றால் கேட்டின் மேல் போகாமல் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்மேல் போகும். முள் அழகுக்கு இல்லை. அதற்கு அதுதான் ஏணி.

கொழுகொம்புக்குத் தேர்

பறம்பு மலைத் தலைவன் பாரி, பற்ற ஒன்றும் இல்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கொடைக்கு எடுத்துக்காட்டாகப் படித்த கதை. தோட்டக்காரன் கண்ணோடு பார்த்தால் அதில் ஒரு சரியான முடிவும் இருக்கிறது: பாரி முல்லையை ஓர் இளமரத்தில் ஏற்றிவிடவில்லை. தேர் உயிரில்லாத மரம். அதற்கு வெயில் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், முல்லை முழுக்க மூடினாலும் நஷ்டம் தேருக்கு மட்டும்தான்.

கொடியின் பிழைப்பே அப்படித்தான். மரம் பத்து வருடம் பாடுபட்டு அடிமரம் கட்டி உயரத்துக்குப் போகிறது. கொடி அந்தச் செலவு எதையும் செய்யாமல், மற்றவர் தோளில் ஏறி நேரே வெயிலுக்குப் போய்விடுகிறது. மிச்சம் பிடித்ததை எல்லாம் இலையிலும் பூவிலும் போடுகிறது. அதனால்தான் கொடி இரண்டே வருடத்தில் கேட்டை மூடுகிறது. நீங்கள் வைத்த புங்கை அப்போதுதான் உங்கள் தலை உயரத்துக்கு வந்திருக்கும்.

அரசே இரண்டையும் வைத்திருக்கிறது

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் ஒரு கொடி. இலை நுனியையே பற்றுக்கம்பியாக நீட்டி வேலியில் ஏறும். (பார்க்க அழகு, கிழங்கு கொடிய விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.) மாநில மரம் பனை. ஆயிரம் பயன் உண்டு, நிழலைத் தவிர. பனையடியில் ஒதுங்க நினைத்தால், நிழல் நகர நகர நாமும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

தகர நிழலும் மர நிழலும்

மே மாதம் மதியம் தகரக் கொட்டகைக்குக் கீழே நில்லுங்கள். பிறகு புங்க மரத்தடியில் நில்லுங்கள். இரண்டிலும் வெயில் படவில்லை. ஆனால் ஒன்று அடுப்பு, ஒன்று திண்ணை. ஏன்?

தகரம் வெயிலை வாங்கிச் சுட்டுப்போய், அந்தச் சூட்டைக் கீழே இருக்கும் நம் தலைமேல் வீசுகிறது. இலை அவ்வளவு சுடுவதில்லை. காரணம், அது வேர்த்துக்கொண்டே இருக்கிறது. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விடும்போது சூடும் கூடவே போய்விடும்.

கணக்காகவே சொல்லலாம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தைக் குடிக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியே தள்ளுவது சுமார் 5.3 யூனிட் வெப்பம். அதாவது ஒரு மரம் மணிக்கு 8 லிட்டர் தண்ணீரை இலை வழியே விட்டால், வெப்பக் கணக்கில் அது ஒன்றரை டன் ஏ.சி.க்குச் சமம். நல்ல மண்ணில் தண்ணீர் கிடைத்து நிற்கும் பெரிய மரத்துக்கு இது பெரிய வேலையில்லை. என்ன, ஏ.சி. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறது, மரம் ஊருக்கே திறந்துவைத்திருக்கிறது. அதனால் மரத்தடியில் தெர்மாமீட்டரை வைத்தால் காற்றின் வெப்பம் வெளியைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும். ஆனால் உடம்பு தெர்மாமீட்டர் இல்லை. வெயில் நேரே படாததும், தலைக்கு மேலே இருப்பது சுடாததும்தான் அதற்குக் கணக்கு.

காகிதப்பூவுக்கும் இதே இலை, இதே வேர்வைதான். பந்தல் போட்டு ஏற்றினால் அதுவும் குளிர்ச்சி தரும். ஆனால் அது பூத்துக் குலுங்க வேண்டும் என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் இலையும் குறையும், வேர்வையும் குறையும். நிழலும் பூவும் ஒன்றாகக் கேட்டால் அந்தக் கொடி முழிக்கும்.

பட்டினி போட்டால் பூக்கும்

"தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், உரம் வைக்கிறேன், ஒரு பூ இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு: அதனால்தான் இல்லை. காகிதப்பூ செழிப்பில் இலையாகப் போகும்; காய்ச்சலில் பூக்கும். மண் மேலே நன்றாகக் காயும் வரை விட்டுப் பிறகு ஊற்றுங்கள். தழைச்சத்து அதிகம் உள்ள உரத்தை நிறுத்துங்கள். நாள் முழுக்க வெயில் படுகிற இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். பகல் குறுகும் மாதங்களும் அதற்குப் பிடிக்கும். நெடுஞ்சாலை நடுவில் யாரும் சீராட்டாமல் நிற்கும் செடி ஏன் உங்கள் செடியைவிட அதிகமாகப் பூக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

பூ புதுக்கிளையில்தான் வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கவாத்து செய்துவிட வேண்டும். கைக்குத் தடித்த உறை போட்டுக்கொண்டு.

தெற்கு பார்த்த சுவரை மறந்துவிடுங்கள்

தோட்டக்கலைப் புத்தகங்கள் பலவும் 'வீட்டின் தெற்கே நிழல்மரம் வையுங்கள்' என்று சொல்லும். அது நம்மைவிட வெகு வடக்கே இருக்கிறவர்களுக்கு எழுதியது. சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு அந்த நிமிடம் நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கு வரை, நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. நம் கோடையில் தெற்குச் சுவர் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கிறது.

சுடுவது மொட்டை மாடியும் மேற்குச் சுவரும். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் இன்னும் சூடாக இருக்கிறதே, அது சாயங்கால வெயில் வைத்துவிட்டுப் போன கடன். மரம் வைக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்றால் அது மேற்கு. மரம் வளர்கிற வரை அந்தச் சுவருக்கு முன்னால் கம்பிவலை அடித்துக் கொடியை ஏற்றிவிடலாம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றும் புகும். கட்சி மாறியதாக நினைக்க வேண்டாம். இது கூட்டணி.

கோடைக்கு முன்னால் மொட்டை

புங்கை இலையுதிர்க்கும் மரம். மாசி வாக்கில் இலை பழுத்துக் கொட்டும். 'போச்சு' என்று நினைக்கும்போதே தளதளவென்று இளம்பச்சையில் புது இலை வந்து மூடிவிடும். கத்திரி வெயில் தொடங்கும்போது மரம் முழு உடுப்போடு தயாராக இருக்கும். வெயில் ஏற ஏற நிழல் அடர்த்தியாகும் இந்தக் காலக்கணக்கு, இந்த ஊர் வெயிலிலேயே வளர்ந்த மரத்துக்குத்தான் வரும். சாலையோரம் புளிக்கும் வேம்புக்கும் அடுத்தபடியாக இதைத் தேடித் தேடி வைத்தது சும்மா இல்லை.

மொச்சையும் துவரையும் புங்கைக்குப் பங்காளிகள். வேரில் முடிச்சு வைத்து, காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும் குடும்பம். இலையை வெட்டி வயலில் மிதித்துத் தழையுரமாக்குவது அதனால்தான். விதையில் எண்ணெய் நிறைய உண்டு. ஆனால் கசக்கும், சமையலுக்கு ஆகாது. மண்ணெண்ணெய் வருவதற்கு முன் விளக்கெரித்தது. இன்றைக்கு இதை வேப்பெண்ணெயோடும் சோப்புக் கரைசலோடும் கலந்து செடிகளுக்குத் தெளிக்கிறார்கள். காகிதப்பூவில் பூச்சி வந்தால் அதற்கு மருந்து புங்கையிடமிருந்து வரலாம்!

கொப்புளம் கண்டு பயப்பட வேண்டாம்

புங்க இலையில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் கிளம்பியிருக்கும். நோய் என்று மருந்தடிக்க ஓடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் கட்டிக்கொள்ளும் வீடு அது. மரம் அதைச் சட்டை செய்வதில்லை. நீங்களும் விட்டுவிடலாம்.

தூங்குமூஞ்சிக்குக் கீழே புல் பச்சை

நிழல் என்று பார்த்தால் தூங்குமூஞ்சி மரத்தை அடிக்க ஆளில்லை. பொழுது சாய்ந்ததும் இலையை மடித்துக்கொள்ளும். வானம் மூடினாலும் மடித்துக்கொள்ளும். மழை நேராகக் கீழே இறங்குவதால் மரத்தடிப் புல் பச்சையாக இருக்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது என்றாலும் பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டோம். ஆனால் அரை கிரவுண்டு மனையில் அதை வைப்பது யானையைத் திண்ணையில் கட்டுவது மாதிரி.

கொடி, மரம் இரண்டையும் ஒரு நகரமே கணக்குப் பார்த்து வைத்த இடம் சிங்கப்பூர். 1963-ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ மரக்கன்று நட்டுத் தொடங்கிய இயக்கம் அது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலைக்கு நிழல் பிடிப்பவை தூங்குமூஞ்சி மரங்கள். நடைபாலங்களின் இருபுறமும் தொட்டிகளில் காகிதப்பூ. மண் இருக்கிற இடத்தில் மரம், மண்ணே இல்லாத பாலத்தில் கொடி. இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

2016 டிசம்பர் 12

வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் தெருவுக்குத் தெரு கிடந்தவற்றில் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் நிறைய. குடை பெரிது, கிளை எளிதில் முறியும், போதாததற்கு அடிமரத்தைச் சுற்றிக் கழுத்தை நெரிப்பது போல் சிமெண்ட். கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டித் தோண்டி ஒருபக்க வேரை வெட்டியிருப்பார்கள். மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த மரமானாலும் அடியில் ஓரடிக்காவது மண்ணைத் திறந்து விடுங்கள். சுவரிலிருந்து 10 அடி, முடிந்தால் 15 அடி தள்ளி வையுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குழி எடுங்கள். அந்தப் பத்தடி இல்லை என்றால் கொடிதான், எதிர்க்கட்சியில் இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்.

யார் பெருக்குவது?

இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. புங்கை மாசியில் இலை கொட்டும், பிறகு பூ கொட்டும், அதற்குப் பிறகு காய் கொட்டும். பூத்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ பத்து மாதம் ஆவதால், போன வருடத்துக் காயும் இந்த வருடத்துப் பூவும் ஒரே சமயத்தில் வந்து விழுவதும் உண்டு. துடைப்பத்துக்கு ஓய்வில்லை. காகிதப்பூ அதற்குச் சளைத்ததல்ல. அதன் செதில்களைப் பெருக்கக்கூட முடியாது, துடைப்பம் கிட்டே போகும் முன் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடும். அந்தச் செதில் விதைக்கு இறக்கையாக இருக்கவே உண்டானது. அடுக்கு இதழ் ரகங்களில் உதிராமல் கிளையிலேயே காய்ந்து பழுப்பாகத் தொங்கும். எது தேவலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு நாள் வெள்ளை, மறுநாள் சிவப்பு

கொடியும் வேண்டும், வாசனையும் வேண்டும் என்றால் ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக மலரும், அடுத்த நாள் இளஞ்சிவப்பு, பிறகு அடர்சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வெள்ளையாக இருக்கும் இரவில் அந்துப்பூச்சி வரும், சிவந்த பிறகு பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். இந்தக் குழப்பத்துக்குத் தகுந்த மாதிரி அதன் பழைய லத்தீன் பெயருக்குப் பொருள், 'யார்? என்ன?'

பாதுகாப்பு

புதுச்சேரி ஆசிரமத்தில் அன்னை பூக்களுக்கு ஒவ்வொரு பொருள் சொல்லிவைத்தார். காகிதப்பூவுக்கு அவர் சொன்னது 'பாதுகாப்பு'. பிரெஞ்சுக்காரர் தெருக்களின் மஞ்சள் சுவர்களில் பிரெஞ்சு மாலுமி பெயர் கொண்ட கொடி வழிவதைப் படம் பிடிக்காமல் எவரும் திரும்புவதில்லை. கரீபியன் தீவான கிரெனடாவுக்கு இதுவே தேசிய மலர். முள்ளோடு மதில்மேல் படர்ந்துவிட்டால் பூனைகூட யோசித்துத்தான் குதிக்கும் என்பதால், அன்னை சொன்னது எங்கள் தெருவைப் பொறுத்தவரை நேர்ப்பொருளிலேயே சரி.

காசில்லாமல் இரண்டும்

காகிதப்பூவின் தோட்ட ரகங்கள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. போத்து வைத்துத்தான் வளர்க்க வேண்டும். கவாத்து செய்யும் வீட்டில் கேட்டால் ஒரு கட்டே கொடுப்பார்கள். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியாகப் பொறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். பத்தில் நான்கு பிழைத்தால் சந்தோஷப்படலாம். வேர் நூல் போல மெல்லியது, தொட்டால் உடையும். நர்சரியில் வாங்கினாலும் பையைக் கிழித்து மண்கட்டி உதிராமல் அப்படியே குழிக்குள் இறக்க வேண்டும். வாங்கிய செடி ஒரு வாரத்தில் செத்துப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

புங்கைக்கு நர்சரியே வேண்டாம். கோடையில் எந்தச் சாலையோர மரத்தடியிலும் முற்றிய காய் கிடக்கும். ஓட்டை உடைத்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. ஒரு ராத்திரி ஊறவைத்துப் பையில் ஊன்றினால் இரண்டு வாரத்தில் தலை நீட்டும். வருடக்கணக்கில் டப்பாவில் போட்டுவைக்காதீர்கள், முளைப்பு போய்விடும்.

குழி எங்கே எடுப்பது என்பதற்கு ஒரு கம்பு போதும். மே மாதம் மாலை 4 மணிக்கு மேற்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரக் கம்பை நட்டு நிழலைப் பாருங்கள். அந்த நேரத்தில் சென்னையில் நிழல், கம்பின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளும். 20 அடி மரம் என்றால் 30 அடி. சூரியன் அப்போது நேர் மேற்கில் இருக்காது, சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் கம்பையும் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே நகர்த்தி நகர்த்தி வைத்து, நிழலின் கோடு எப்போது படுக்கையறை ஜன்னலின் நடுவை நோக்கி நீள்கிறதோ அங்கே ஒரு செங்கல்லைப் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.